லோடு முதலா, பில் முதலா?

பொள்ளாச்சியில் ஆலை, பாலக்காட்டில் டிப்போ. இந்தப் பக்கம் தேங்காய் எண்ணெய் வியாபாரத்தில் பலருக்கும் இதுதான் ஏற்பாடு. இ.ஆர்.பி. (இருப்பு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள்) போடலாம் என்றதும் விற்பனைப் பிரிவு கேட்பது, வண்டி நிற்கக்கூடாது. கணக்குப் பிரிவு கேட்பது, தப்பான பில் வெளியே போகக்கூடாது. மென்பொருள்காரர் ரெண்டுக்கும் தலையாட்டிவிட்டுப் போவார். எதற்கு எது விட்டுக்கொடுக்கும் என்று அவர் வருவதற்கு முன்னாலேயே முதலாளி முடிவு செய்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

"நம்ம டிப்போவுக்குத்தானே போகுது, வரி போடாத டெலிவரி சலான் போதாதா?" போதாது. ஆலையின் ஜி.எஸ்.டி. எண் தமிழ்நாட்டுக்கான 33-இல் தொடங்கும், டிப்போவுடையது கேரளாவுக்கான 32-இல். சட்டத்தின் கண்ணில் ரெண்டும் வேறு வேறு ஆள். காசு கைமாறாவிட்டாலும் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி) பில் வேண்டும். 2017-18 முதல் ஏதாவது ஓர் ஆண்டில் விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தால் இ-இன்வாய்ஸும் (அரசுத் தளத்தில் பதிந்து எண் வாங்கும் பில்) உண்டு. அதைத் திருத்த வழியில்லை. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், அதற்கும் முதலில் இ-வே பில்லை (சரக்கு வண்டியோடு போகும் மின்சீட்டு) ரத்து செய்ய வேண்டும். வழியில் அதிகாரி சோதித்துவிட்டால் அதுவும் முடியாது, கிரெடிட் நோட்டு (போட்ட பில் தொகையைக் கழிக்கும் சீட்டு) போடுவதுதான் வழி.

ஆகவே ஆர்டரைப் பார்த்து பில்லை முன்கூட்டியே அடித்து வைக்காதீர்கள். ஆர்டர் 10 டன் என்றால் எடைமேடை 9,940 கிலோ காட்டும். ஏற்றச் சீட்டு, காலி எடை, லோடு எடை, அப்புறம்தான் பில் எண். விற்பனைப் பிரிவு கேட்ட வேகத்தை வேறு இடத்தில் கொடுக்கலாம்: வண்டி எண், தூரம், விலை எல்லாவற்றையும் ஏற்றச் சீட்டிலேயே நிரப்பிவிட்டால், எடை விழுந்ததும் பில் தானாக வரும்.

அடுத்த தகராறு அளவு. ஆலை கிலோவில் பேசும், கடை லிட்டரில். ஒரு லிட்டர் எண்ணெய் சூட்டைப் பொறுத்து 910 முதல் 920 கிராம் வரை நிற்கும். ஆலை ஒரு எண்ணும் டிப்போ இன்னொன்றும் போட்டால் 10,000 லிட்டரில் 100 கிலோ காணாமல் போகும். டிப்போ பையன் மேல் பழி விழும். இருப்பு கிலோவில் மட்டும் இருக்கட்டும். லிட்டரைக் கிலோவாக மாற்றும் எண் ஒன்றே ஒன்று, அதைத் திருத்தும் அனுமதி ஆலை லேபுக்கு. கணக்குப் பிரிவுக்குக் கொடுக்க வேண்டாம்.

புது மென்பொருளுக்கு மாறும் தேதியிலும் இழுபறி வரும். கணக்காளர் ஏப்ரல் 1 கேட்பார், நியாயம்தான். அது தள்ளிப்போனால் ஜூலையில் தொடங்கி ஓணத்தில் மாட்டாதீர்கள். அமெரிக்காவின் சாக்லேட் நிறுவனம் ஹெர்ஷி 1999 ஜூலையில் இப்படிப் புது மென்பொருளுக்கு மாறியது. மிட்டாய் அதிகம் விற்கும் ஹாலோவீன் பண்டிகைச் சீசனில் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியவில்லை, சரக்கு கிடங்கில் இருந்தும். ஏப்ரல் போனால் அக்டோபர் 1. பில் வரிசைக்குப் புது முன்னெழுத்து வைத்தால் ஆண்டு நடுவில் மாறலாம். பழைய லோடு திரும்பி வந்தால் பழைய பில் எண்ணைக் கையால் போட திரையில் ஒரு கட்டம் வேண்டும். அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.