வார்னிஷ் அடித்தால் சுவரோவியம் தப்பாது

"ஓவியம் உரிந்தால் இரண்டு கோட் வார்னிஷ் அடியுங்கள், பத்து வருடம் அசையாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கத்துச் சுவருக்கு இது சரிவராது தம்பி. இங்கே ஈரம் முன்னாலிருந்து மட்டுமா வருகிறது? பின்னால் சாய்ந்து கிடக்கும் மண்மேடு, மேலே கூரைத் தண்ணீர் வடியும் உடைந்த பீலி, இரண்டிலிருந்தும் சுவருக்குள் இறங்கி முன்பக்கமாக வெளியேறப் பார்க்கிறது. அந்த வழியை வார்னிஷால் அடைத்தால் பெயின்ட் கொப்பளித்துப் பொருக்குப் பொருக்காகக் கழலும், அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். முதலில் பீலியைத் திருத்துங்கள், மண்ணை வெட்டி விலக்குங்கள். பிப்ரவரி போல காய்ந்த நாட்களில் உப்பை மெல்லிய பிரஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் ஊற்றினால் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். அப்புறம் உதிர்ந்த இடத்தை மட்டும் தொட்டு வரையலாம், அதுவும் வரைந்தவரைக் கேட்டுவிட்டு. நன்றாகக் காய்ந்த சுவருக்குத்தான் வார்னிஷ், அதையும் ஒரு மூலையில் அடித்துப் பாருங்கள்.