இலையை லோரியில் ஏற்றிவிட்டு நாற்றம் என்கிறீர்கள்

ஒரு அடுக்குமாடியில் நாற்றம், எலி என்று சொல்லி உரப்பெட்டிகளை அகற்றும் காணொளியை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். எந்த அடுக்குமாடி என்று நான் எழுதப்போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். சமையல் கழிவை மட்கவைத்து உரமாக்கும் நான்கு பெட்டிகளையும் லோரியில் தூக்கிப் போட்டாகிவிட்டது. கீழே வரிசையாகக் கருத்துகள். பசுமை பசுமை என்று எலி வளர்த்தார்களாம். குப்பையை வைத்து விளையாடினால் இப்படித்தான் ஆகுமாம்.

சரி. ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். காய்ந்த இலை எங்கே போனது?

பெட்டி வைத்த புதிதில் அங்கே நாற்றம் கிடையாது. கார் நிறுத்துமிடத்துத் தூங்குமூஞ்சி மரத்தின் இலையைக் கூட்டி, சாக்கில் கட்டி, பெட்டிக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருந்தார்கள். பிறகு துப்புரவுக் குத்தகை கைமாறியது. சாக்குகள் பார்க்க அசிங்கமாக இருக்கின்றன என்று வாரா வாரம் லோரியில் ஏற்றினார்கள். சமையல் கழிவு மட்டும் தினமும் வந்துகொண்டே இருந்தது. நாறாமல் என்ன செய்யும்?

கணக்கைப் பாருங்கள். 40 வீடு, வீட்டுக்கு அரை கிலோ என்றால் ஒரு நாளைக்கு 20 கிலோ. வாளியில் அளந்தால் ஏறக்குறைய 40 லிட்டர். ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டிலிருந்து மூன்று வாளி காய்ந்த இலை வேண்டும். அதாவது தினமும் 80 முதல் 120 லிட்டர். இரண்டு அரிசிச் சாக்கு. ஒரு நாள் இலை போடாவிட்டால் சமாளிக்கலாம். ஒரு வாரம் போடாவிட்டால் கஞ்சியாகிவிடும், காற்று உள்ளே போகாது, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளும். அழுகிய முட்டை வாடை அங்கிருந்துதான் வருகிறது. மூக்கைச் சுருக்கென்று குத்தும் வாடை வந்தால் அது வேறு, அமோனியா. தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். இலை போட்டுக் கிளறுவது.

ஈரம் சரியா என்று பார்க்க மீட்டர் வாங்க வேண்டாம். ஒரு கைப்பிடி அள்ளிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் இலை போடுங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். பெட்டி நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் இருந்தால்தான் உள்ளே சூடு ஏறும். 55 டிகிரி செல்சியஸை எட்டி மூன்று நாள் நின்றால் நோய்க்கிருமியும் ஈப்புழுவும் தாங்காது. கிளறும்போது ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ள வேண்டும், இல்லையென்றால் நடு மட்டும் வேகும். இன்னொன்று, எல்லா இலையும் ஒன்றல்ல. தூங்குமூஞ்சி இலை பொடிசு, அப்படியே போடலாம். கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலையை முழுசாகப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் பாய் மாதிரி படுத்துக்கொள்ளும். பாராங் கத்தியால் நறுக்கித்தான் போட வேண்டும்.

இப்போது எலி. "எலி வந்ததே, அதற்கு என்ன சொல்கிறாய்?" வந்தது, மறுக்கவில்லை. எதற்கு வந்தது? மீன் தலைக்கும் கோழி எலும்புக்கும் சாந்தான் (தேங்காய்ப்பால்) கறி மிச்சத்துக்கும். இவை பெட்டிக்குள் போகக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். அந்தப் பலகையும் அசிங்கமாம், கழற்றிவிட்டார்கள். பெட்டியின் அடியிலும் பக்கத்திலும் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடித்தால் எலி நுழையாது. கோழிக்கூட்டுக்கு அடிக்கும் மெல்லிய வலை ஆகாது, கடித்துவிடும். பற்றவைத்த வலைதான் வேண்டும். அதற்குச் செலவு செய்ய மனமில்லை. பெட்டியைத் தூக்க லோரி மட்டும் கிடைத்தது. ஒன்று கேட்கிறேன், அதே கட்டடத்துக் குப்பை அறையில் எலியே இல்லையா? அந்த அறையை ஏன் யாரும் லோரியில் ஏற்றவில்லை?

காணொளியில் "புழு, புழு" என்று கத்துகிறார்களே, அது கறுப்புப் படை ஈ என்ற ஒரு வகை ஈயின் புழு. அந்த ஈ கடிக்காது, வீட்டுக்குள் வந்து சோற்றில் உட்காரும் பழக்கமும் அதற்கில்லை. கழிவை அதைவிட வேகமாகத் தின்ன நம் ஊரில் வேறு பூச்சி கிடைக்காது.

டெங்கி பற்றிக் கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள். மூடியில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். மூடியைச் சரிவாகப் போட வேண்டும். அவ்வளவுதான்.

"புக்கிட் தாகார் குப்பை மேட்டில்தான் எரிவாயுவைப் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்களே, அப்புறம் என்ன?" என்று ஒரு படித்தவர். எடுக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் குப்பை மேட்டை மூடிக் குழாய் இறக்குவதற்கு முன்பே நிறைய மீத்தேன் போய்விடுகிறது. சாப்பாட்டுக் கழிவு மட்குவதோ முதலில். பாதிக்கு மேல் தண்ணீராக இருக்கும் ஒன்றை ஜின்ஜாங் தாமான் பெரிங்கின் குப்பை மாற்று நிலையத்தில் அழுத்தி, புக்கிட் தாகார் இருக்கும் ஹுலு சிலாங்கூர் வரை டீசல் எரித்துச் சுமப்பதில் என்ன புத்திசாலித்தனம் இருக்கிறதோ! 2015 செப்டம்பர் முதல் கோலாலம்பூரில் குப்பையைப் பிரித்துப் போடுவது சட்டப்படி கட்டாயம். ஆனால் பிரிக்கச் சொல்வது தாள், பிளாஸ்டிக், டப்பாவைத்தான். சோறும் காய்கறித் தோலும் எஞ்சிய குப்பையோடு போகும். ஆக, சட்டம் தொடாத பாதியை அந்த நான்கு பெட்டிகள் தொட்டன. அவற்றுக்குத்தான் இந்தப் பாடு.

"யாருக்கு நேரம் இருக்கிறது?" இந்தக் கேள்விதான் எனக்கு எரிச்சல். நேரம் இருந்தவர்கள் செய்தார்களே! காலையில் கையுறை போட்டுக்கொண்டு கிளறியது யார்? மூன்று ஆன்ட்டிகள், ஒரு மலாய் மக்சிக் (அத்தை வயது அம்மா), பணி ஓய்வு பெற்ற ஒரு அங்கிள். முறை எழுதிய தாள் மின்தூக்கிப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. அவர்களைத்தான் அந்தக் காணொளியில் "குப்பை பொறுக்குற கூட்டம்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார் ஒருவர். திறப்பு விழா அன்று அதே ஆள் பதாகை பிடித்து முன்வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் இன்னும் அவர் பக்கத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். படம் பிடிக்க வந்தவர்களில் ஒருவர், ஒரே ஒரு சாக்கு இலை கொண்டுவந்திருந்தால் போதும்.

"பொதுச் சொத்து, நிர்வாகக் குழுவுக்கு உரிமை இருக்கிறது." இருக்கிறது. ஆனால் அந்தக் குழுவைத் தேர்ந்தெடுப்பது யார்? ஆண்டுக் கூட்டத்தில் வாக்கு வீட்டு உரிமையாளருக்குத்தான். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தால் அதுவும் இல்லை. கிளறியவர்களில் பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள். வருஷம் முழுக்க அந்த மண்ணில் வேலை செய்தவருக்குக் கைதூக்க உரிமையில்லை. வேறு ஊரில் இருந்துகொண்டு வாடகை மட்டும் வாங்குகிறவருக்கு உண்டு. அவர் வருவதில்லை. ஆள் சேராவிட்டால் அரை மணி நேரம் காத்திருந்து, வந்த சிலரை வைத்துக் கூட்டத்தை முடித்துவிடுகிறார்கள். எங்கே பிசகு என்று எல்லாரும் பெட்டிக்குள் தேடுகிறீர்கள்.

அந்த ஆன்ட்டிகளுக்குச் சொல்கிறேன், மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். உங்கள் வீட்டு உரிமையாளரிடம் பேசி, கூட்டத்தில் அவர் சார்பில் வாக்களிக்கும் பதிலாளாக உங்களை நியமிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். பதிலாள் உரிமையாளராக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒருவர் ஒரு உரிமையாளருக்கு மட்டுமே பதிலாளாகலாம், அதனால் ஆளுக்கொரு தாள். கூட்டத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்னால் நிர்வாக அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். கொடுத்ததற்கு ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்குக் கட்டணப் பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தாள் செல்லாது.