வாய்க்கால் கரையில் பெஞ்சு போடுவதற்கு முன்

டெல்டா நகரங்களில் வாய்க்காலை அழகுபடுத்தப் போகிறோம் என்று யாராவது கலர் படம் காட்டினால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது எந்த மாதத்துப் படம்?

படத்தில் எப்போதும் கரை தொட்டுத் தண்ணீர் ஓடும். நம் வாய்க்காலில் தண்ணீர் வருவது ஜூன் 12 மேட்டூர் திறந்து ஜனவரி 28 மூடும் வரைக்கும்தான், அதுவும் கணக்குப்படி திறந்தால். முறை வைத்து விடும்போது நம் முறை வராத நாட்களை அதிலும் கழிக்க வேண்டும். மீதி நாலரை மாதம் ஓடுவது நம் வீட்டுச் சாக்கடை. கும்பகோணத்தில் 2028 மகாமகம்கூட மாசியில்தான், அதாவது மேட்டூரை மூடும் தேதிக்குப் பிறகு. ஆகவே பிப்ரவரி முதல் மே வரை வாய்க்கால் எப்படிக் கிடக்கிறதோ அதை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

அந்த மாதங்களில் காலை ஆறிலிருந்து ஒன்பது மணிக்குள் கரையோடு நடந்தால் எந்தக் குழாய் எவ்வளவு கக்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஒவ்வொரு குழாய்க்கும் பெயிண்டில் எண் போடுங்கள். குளியலறை, சமையலறைத் தண்ணீர் ஒரு ரகம். செப்டிக் டேங்க் வழிவு வேறு ரகம், அதற்குப் பாதாளச் சாக்கடை இணைப்புதான் வழி. உறிஞ்சுகுழி போடலாமே என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறும் தாழ்வான தெருக்களில் அந்தக் குழி குடித்ததைத் திருப்பிக் கக்கும்.

முதல் ரகத்தைச் சுத்தம் செய்ய ஜல்லிப் படுகை போதும். முன்னால் ஒரு வண்டல் தொட்டி, பிறகு 60 சென்டிமீட்டர் ஆழப் படுகை. தண்ணீர் நுழையும் முனையில் கைமுஷ்டி அளவுக் கல், மற்ற இடத்தில் 10–20 மில்லிமீட்டர் ஜல்லி, அதில் கல்வாழையும் சம்பும். தண்ணீர் மட்டம் ஜல்லிக்கு நாலு விரற்கடை கீழேயே நிற்க வேண்டும், அப்போதுதான் கொசு வராது. ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர் என்றால் ஐம்பது பேர் வசிக்கும் சந்துக்கு ஒன்றேகால் முதல் இரண்டரை சென்ட் இடம். கெட்டுப்போவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: வண்டல் தொட்டியை யாரும் அள்ளுவதில்லை. சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஜல்லியை அடைக்கும், தண்ணீர் மேலே ததும்பும், கொசு வரும், தெருக்காரர்களே மண்ணைக் கொட்டி மூடிவிடுவார்கள். தொட்டி அள்ளுவது யார் வேலை என்று எழுதி வாங்காமல் படுகை கட்டாதீர்கள்.

அடுத்து கரை. ஒப்பந்ததாரருக்குப் பிடித்தது செங்குத்துச் சுவர். விழுந்த பிள்ளை ஏறி வர முடியாது, தவளையும் ஆமையும் ஏறாது. இடம் இருக்கும் இடத்திலெல்லாம் ஓரடி உயரத்துக்கு இரண்டடி என்று சரிவு வெட்டி, தென்னை நார் வலை விரித்து, மூங்கில் முளை அடித்து, வெட்டிவேர் நாற்றை அரை அடிக்கு ஒன்றாக வரிசை பிடித்து நடலாம். பிப்ரவரியில் நட்டுத் தண்ணீர் ஊற்றினால் ஜூனுக்குள் வேர் மண்ணைப் பிடிக்கும். மே மாதம் நட்டால் புதுத்தண்ணீரோடு நாற்றும் போகும். ஆட்டுக்கு வேலி முக்கியம், இளந்தளிரை அது விடாது.

செடி எல்லாம் நிறைநீர் மட்டத்துக்கு மேலேதான். உள்ளே செடி வைத்தால் தன் வயலுக்குத் தண்ணீர் வந்து சேராது என்கிற கடைமடை விவசாயியின் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். வாய்க்கால் தண்ணீரை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்வது கரடுமுரடு எண்; சுத்தமான மண் வாய்க்காலுக்கு அது சுமார் 0.025. உள்ளே புதர் மண்டி அது 0.05 ஆனால், அதே உயரத் தண்ணீரில் பாய்ச்சல் பாதியாகிவிடும். டவுனில் நாம் ரசிக்கும் புல்லுக்கு அவர் வயல் காய வேண்டுமா?

இன்னொன்று, ஒரு கரையைப் பொக்லைனுக்கு விட்டுவிட வேண்டும். நாலு மீட்டர் அகலம், கிராவல் போட்டு இறுக்கியது. நடைபாதையும் அதுவே. பேவர் பிளாக் பதித்தால் முதல் தூர்வாரலிலேயே நொறுங்கும். மரம் எதிர்க்கரையின் வெளிப்பக்கம்: நீர்மருது, புங்கன், பூவரசு. தூர் மண்ணை அன்றன்றே லாரியில் ஏற்றிவிடுங்கள். கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் எடுத்த இடத்துக்கே திரும்பும். தூர்வாரும் ஆழத்துக்கு மதகின் தள மட்டமே அளவு. அதற்குக் கீழே தோண்டினால் குட்டைதான் கிடைக்கும்.

சிங்கப்பூர் மாதிரி என்கிறோம், நம் பக்கத்து ஆட்கள் பலர் அங்கே இருப்பதால் ஆசையும் இயல்பு. அங்கே பீஷானில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து ஆறாக்கி 2012இல் திறந்தார்கள். அதற்கு முன் 60 மீட்டர் நீளத்தில் மட்டும் செடிகளையும் கரைக்கட்டு முறைகளையும் சோதித்துப் பார்த்தார்கள். படத்தைக் காட்டுகிறவர்கள் அந்த 60 மீட்டரைச் சொல்வதில்லை. நம் ஊரிலும் இரண்டு பாலத்துக்கு நடுவே ஒரு துண்டை எடுத்து ஒரு முழு வருஷம் விட்டுப் பார்க்கலாம்.

படித்துறையை மட்டும் தாராளமாகக் கட்டுங்கள். படி உயரம் அரை அடி, அகலம் ஓரடிக்குக் குறையாமல், கொத்திய கருங்கல்லில். பாலிஷ் கல்லில் பாசி பிடித்தால் இடுப்பெலும்புக்கு உத்தரவாதமில்லை. ஆடிப்பெருக்கன்று காதோலை கருகமணியோடு இறங்கும் பெண்களும் சப்பரம் இழுத்து வரும் பிள்ளைகளும் முதலில் கை வைப்பது கைப்பிடிக் கம்பியில். அது கடைசி மூன்று படி வரைக்கும், தண்ணீருக்குள்ளும், இறங்க வேண்டும்.