நார்த் பிரதர் தீவில் வென்றது யார்?

இடிந்த மருத்துவமனை, ஜன்னல் வழியே உள்ளே புகுந்த மரக்கிளை, கீழே "மனிதன் போனான், இயற்கை வென்றது" என்று ஒரு வரி. இந்தப் படம் அடிக்கடி என் கண்ணில் படுகிறது. நியூயார்க்கில் ஈஸ்ட் ஆற்றின் நடுவே, ரைக்கர்ஸ் சிறைத்தீவுக்குப் பக்கத்தில் இருக்கும் நார்த் பிரதர் தீவு அது. மொத்தமே சுமார் 20 ஏக்கர். இப்போது அங்கே யாரும் குடியில்லை, அனுமதி இல்லாமல் இறங்கவும் முடியாது.

எனக்கு அந்த வரியைப் பார்த்தாலே எரிச்சல் வரும். போனது எந்த மனிதன்? 1885-ல் ரிவர்சைடு மருத்துவமனையை அங்கே கொண்டுபோனதே தொற்றுநோய்க்காரர்களை ஊரைவிட்டுத் தள்ளி வைக்கத்தான்.

அயர்லாந்துக்காரி மேரி மாலனையே எடுத்துக்கொள்ளுங்கள். டைபாய்டு கிருமி அவர் உடம்பில் இருந்தது, நோய் வந்ததோ அவர் சமைத்துப் போட்ட வீடுகளில். 1907-ல் பிடித்து அடைத்தார்கள். இனி சமைக்க மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு 1910-ல் விட்டார்கள். அவரோ பெயரை மாற்றிக்கொண்டு ஒரு மகப்பேறு மருத்துவமனையில் சமைக்கப் போனார். 25 பேருக்குக் காய்ச்சல், இரண்டு பேர் இறந்தார்கள். 1915-ல் மறுபடி தீவு, 1938-ல் சாகும்வரை. அவர் செய்தது தப்புதான். ஆனால் அதே கிருமியைச் சுமந்த வேறு பலர் ஊருக்குள் சாதாரணமாக நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

1904 ஜூன் 15-ல் தீப்பிடித்த ஜெனரல் ஸ்லோகம் கப்பல் கரைதட்டியதும் இதே தீவில்தான். சர்ச் பிக்னிக்குக்குக் கிளம்பிய ஜெர்மன் குடும்பங்கள். இறந்தவர்கள் 1,021 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். மிதவை உடைகள் உளுத்துப்போயிருந்தன. தண்ணீரில் தத்தளித்தவர்களை இழுத்துக் கரைசேர்த்தவர்களில் மருத்துவமனை ஊழியர்களும் உண்டு.

1963 வாக்கில் எல்லாம் மூடியாகிவிட்டது. அப்புறம் வந்தது வக்கா. நம் வேடந்தாங்கலில் பார்க்கிறோமே, சிவப்புக் கண் இராக்கொக்கு, அதே இனம்தான். 1980-களில் தொடங்கி நூற்றுக்கணக்கில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. 2000-களின் கடைசியில் அவையும் காலிசெய்துவிட்டுப் போய்விட்டன, ஏன் என்று பறவை ஆய்வாளர்களுக்கே பிடிபடவில்லை. பக்கத்துச் சின்னத் தீவான சவுத் பிரதரில் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டுகின்றன.

சரி, படத்தில் தெரியும் அந்தப் பச்சை? அதில் நிறைய, ஆசியாவிலிருந்து மனிதன் கொண்டுவந்த குட்சு மாதிரிக் கொடிகள், ஐரோப்பிய மேப்பிள் மரங்கள். உள்ளூர் மரம் தலையெடுக்க நகரப் பூங்காத் துறை ஆட்கள் படகேறிப் போய்க் கொடியை வெட்டவேண்டியிருக்கிறது.

அடுத்த முறை அந்தப் படத்தைப் பகிரும்போது மேரியின் பெயரையாவது கீழே போடுங்கள்.