ஏரோபிரஸ்ஸைக் கவிழ்க்காதீர்கள்

ஏரோபிரஸ் என்பது தண்டைக் கையால் அழுத்திக் காபி இறக்கும் சிறு குழாய். வாங்கிய கையோடு அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காபி போடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அதை உருவாக்கிய ஆலன் அட்லர் அந்த முறையைப் பரிந்துரைக்கவே இல்லை. அவர் சொன்னபடி ஒரு தடவையாவது போட்டுப் பார்க்கலாமே.

அட்லர் காபித் தொழிலில் இருந்து வந்தவரல்ல. கலிஃபோர்னியாவில் விளையாட்டுப் பொருள் கம்பெனி நடத்திய பொறியாளர், ஸ்டான்ஃபோர்டில் பாடமும் எடுத்தவர். அவரது முதல் பறக்கும் வளையமான ஸ்கைரோ, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் எறிந்தால்தான் நேராகப் போகும். வெளிவிளிம்பில் சிறு மேடு ஒன்றைச் சேர்த்து அதைச் சரிசெய்தார். அப்படி 1984ல் ஏரோபி என்ற வளையம் பிறந்தது. 2003ல் அதை 406 மீட்டர் எறிந்து கின்னஸ் சாதனையே படைத்தார்கள்.

காபியிலும் கோளாறு எங்கே என்றுதான் தேடினார். ஃபில்டர் வழியே தானாகச் சொட்டும் டிரிப் காபி ஒரு கப் இறங்க நாலைந்து நிமிடம் ஆகிறது. அவ்வளவு நேரம் தூள் வெந்நீரில் கிடந்தால் கசப்பும் சேர்ந்து இறங்கும். கையால் அழுத்தினால் நேரம் மிச்சம். 2005ல் ஏரோபிரஸ் விற்பனைக்கு வந்தது.

அவர் முறை எளிது. பேப்பர் ஃபில்டரை மூடியில் வைத்து, மூடியைக் குழாயில் திருகி, கப் மேல் நிறுத்துங்கள். நைசாக அரைத்த தூள் 15 கிராம், 80 டிகிரி வெந்நீர். 10 விநாடி கலக்கி, அழுத்துதண்டைச் செருகி, 20-30 விநாடியில் மெதுவாக அழுத்துங்கள். இறங்குவது டிகாக்‌ஷன் மாதிரி திக்காக இருக்கும். வேண்டிய அளவு வெந்நீரோ பாலோ சேர்த்துக்கொள்ளலாம். ஆத்திரப்பட்டு அமுக்கினால் தூள் இறுகிப் பேப்பரை அடைத்துவிடும், தண்டு நகராது. அப்படி ஆனால் கையைத் தளர்த்துங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள்.

80 டிகிரி விஷயத்தில் மட்டும் அட்லரோடு எனக்கு முழு உடன்பாடில்லை. கருக வறுத்த டார்க் ரோஸ்டுக்கு அது கச்சிதம். இளசாக வறுத்த லைட் ரோஸ்டுக்குப் போதாது, புளிப்பு தூக்கலாக நிற்கும். 90க்கு மேல் போங்கள்.

கவிழ்ப்பவர்கள் சொல்லும் காரணம், அழுத்தும் முன்பே சொட்டுகிறது என்பது. தண்டை லேசாகச் செருகி ஒரு இழை மேலே இழுத்துவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிச் சொட்டு நின்றுவிடும். இதற்காகக் கொதிநீர் நிறைந்த குழாயைக் கப் மேல் திருப்பிப் போட்டுக் கையைச் சுட்டுக்கொள்வானேன்?

கழுவிய பிறகு தண்டைப் பாதியில் செருகி வைக்காதீர்கள். ரப்பர் அமுங்கியே கிடந்து சுருங்கும், பிறகு ஓரமாகத் தண்ணீர் கசியும். தனியே கழற்றி வையுங்கள், அல்லது ரப்பர் மறுமுனையில் வெளியே வரும்வரை தள்ளி வையுங்கள்.