சித்தப்பாவின் கணக்கு நோட்டு

குமுளிக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு எட்டு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. நான்கு வீட்டுப் பங்கு, கணக்கு பார்ப்பது சித்தப்பா. 2019-ல் கம்பத்து வீட்டுத் திண்ணையில் அவர் நோட்டை விரித்தபோது எல்லோருக்கும் வாயெல்லாம் பல். அந்த ஆகஸ்டில் புத்தடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனதே, மறக்குமா? காய் குறைவு, ஆனாலும் லாபம் அதிகம்.

அடுத்த வாரம் மலையேறிப் பார்த்தேன். 2018 பெருமழையில் செடி அழுகிய இடமெல்லாம் வெறுங்குழி. ஒரு கன்றுகூட வைக்கவில்லை. கேட்டதற்கு, "செலவை இறுக்கிப் பிடிச்சேன்ப்பா" என்றார். ஏலக்கன்று காய்ப்புக்கு வர மூன்று வருஷமாவது ஆகும். அப்படியானால் நாங்கள் பங்கு போட்டுக்கொண்டதில் ஒரு பகுதி 2022-ன் காய்!

பெரிய கம்பெனிகளின் காலாண்டு முடிவுகளைப் படிக்கும்போது எனக்கு அந்தக் குழிகள்தான் ஞாபகம் வரும். ஆராய்ச்சி, பராமரிப்பு, பயிற்சி என்று எதை வெட்டினாலும் அந்த வருஷ லாபம் ஏறும். பங்கு ஒன்றுக்கான வருமானம் இன்னும் வேடிக்கை. லாபம் 1,000 ரூபாய், பங்கு 100 என்றால் பங்குக்கு 10 ரூபாய். கையிருப்பைப் போட்டு 20 பங்கைத் திரும்ப வாங்கிவிட்டால் அதே லாபம் 12.50 ஆகிவிடும். வியாபாரம் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. அதிகாரியின் போனஸ் அந்த எண்ணோடு கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

போட்ட முதலுக்கும் ஒரு விலை உண்டு என்று கழித்துப் பார்க்கும் பொருளாதார மதிப்புக் கூட்டல் கணக்கு எனக்குப் பிடிக்கும். ஒரு கோடி முடங்கிக் கிடக்கும் தோட்டம் ஆறு லட்சம் தருகிறது, வங்கி வைப்பு ஏழு தருகிறது என்றால் அது லாபமா? ஆனால் கன்று வைக்காத குழி அந்தக் கணக்கிலும் தெரியாது.

சரி, ரொக்கம் பொய் சொல்லாது என்பார்கள். ஹைதராபாத் சத்யம் கம்பெனி ஏடுகளில் ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,361 கோடி இருந்தது. அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று 2009 ஜனவரியில் அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதினார்.

இப்போது சித்தப்பா நோட்டில் 'வைத்த கன்று' என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறார். போன தடவை 340 என்று இருந்தது. "எண்ணிப் பாக்க வர்றியா?" என்று கேட்டார். மழைக்காலம், அட்டை பிடுங்கும். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.