மீட்கப்பட்ட ஏரிக்கு நடைபாதை வேண்டும், முழு வட்டம் வேண்டாம்

சீரழிந்து கிடந்த ஓர் ஏரிக்குள் கழிவுநீர் வருவதை நிறுத்தி, தூர்வாரி, நீரும் கோரையும் பறவைகளும் திரும்பி வந்தபின் எழும் அடுத்த கோரிக்கை அநேகமாக எல்லா இடங்களிலும் ஒன்றுதான்: கரையைச் சுற்றி நடைபாதை வேண்டும். அதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆள் நடமாட்டமே இல்லாத ஏரிக்கரையில் கட்டட இடிபாடுகளை இரவோடு இரவாகக் கொட்டிவிட்டுப் போக முடியும்; காலையும் மாலையும் மக்கள் நடக்கும் கரையில் அது அவ்வளவு எளிதல்ல. 1971-ஆம் ஆண்டு ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான ஈரநில ஒப்பந்தமும் மனிதர்களை விலக்கி வைக்கச் சொல்லவில்லை, அறிவோடு பயன்படுத்தவே சொல்கிறது. என் மறுப்பெல்லாம் அந்தப் பாதை நீரை ஒட்டியே, ஓரிடமும் விடாமல், முழு வட்டமாக அமைய வேண்டும் என்ற பிடிவாதத்தின் மீதுதான்.

முழு வட்டம் வரைபடத்தில் அழகாகத்தான் இருக்கும். நடப்பவர்களுக்கும் எத்தனை சுற்று என்று கணக்கு வைத்துக்கொள்ள வசதி. ஆனால் இத்தகைய ஏரியின் உயிர்ப்பு நடுவிலுள்ள ஆழத்தைவிட, கணுக்கால் அளவு நீரும் சேறும் கோரையும் கலந்து கிடக்கும் விளிம்பில்தான் அதிகம். மீன்குஞ்சுகள் ஒதுங்குவதும், தவளைகள் முட்டையிடுவதும், நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்றில் உள்ளான்கள் அலகை நுழைத்து இரை தேடுவதும் அங்கேதான். அந்த விளிம்பை மண் கொட்டி உயர்த்தி, கல் பதித்து, மேலே சிமெண்ட் தளமும் போட்டுவிட்டால் எஞ்சுவது ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி.

முக்குளிப்பானை எடுத்துக்கொள்வோம். நீர்த்தாவரங்களைக் குவித்து, கோரைத் தண்டுகளோடு பிணைத்து, மிதக்கும் கூடு கட்டுகிற சிறிய பறவை அது. கூட்டைவிட்டு இறங்கும்போது ஈரமான தழைகளை அலகால் இழுத்து முட்டைகளின் மேல் போர்த்திவிட்டே போகும். அப்போது பார்ப்பவருக்குக் கூடு வெறும் அழுகிய தழைக் குவியலாகத்தான் தெரியும். திடீரென்று பக்கத்தில் ஆட்கள் வந்துவிட்டால் போர்த்துவதற்கு நேரம் இராது, வெள்ளை முட்டைகள் காகத்தின் கண்ணில் படும். நடப்பவர் எவரும் தீங்கு நினைத்தவரல்லர். பாதை இருக்கும் இடந்தான் தவறு.

நாய்களைப் பற்றிச் சொன்னால் பலருக்கும் கோபம் வரும், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. சிட்னியின் புறநகர் மரக்காடுகளில் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வொன்றில், வாரில் கட்டிய நாய்களோடு ஆட்கள் நடந்த இடங்களில் பறவை வகைகள் 35 விழுக்காடும் பறவைகளின் எண்ணிக்கை 41 விழுக்காடும் குறைந்திருந்தன. அது ஏரிக்கரை அல்ல என்பது உண்மைதான். ஆனால் மறைவிடம் குறைந்த திறந்த நீர்ப்பரப்பில் நிலைமை இதைவிட மேலாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

ஆகவே, கரையில் மூன்றில் ஒரு பங்கையாவது பாதையே இல்லாமல் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. மற்ற பகுதியிலும் பாதை நீரை விட்டு விலகிப் புதர்களுக்குப் பின்னால் சென்று, தேர்ந்தெடுத்த சில இடங்களில் மட்டும் கரையைத் தொடட்டும். அங்கே பார்வைத் துளைகள் கொண்ட மறைப்புக் குடில்கள் இருந்தால், பறவைகளை விரட்டாமலேயே அருகிலிருந்து பார்க்கலாம். லண்டனில் பயன்பாடு முடிந்த 4 நீர்த்தேக்கங்களை மாற்றியமைத்து 2000-இல் திறந்த ஈரநில மையத்தில் இந்த முறைதான் பின்பற்றப்படுகிறது, அதனால் வருகிறவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஈரமான பகுதியைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் மண்ணை நிரப்பாமல், கீழே நீர் தடையின்றி ஓடும்படி தூண்களின் மேல் பலகைப் பாதை அமைக்கலாம். சக்கர நாற்காலியில் வருகிறவர்களையும் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும்: சரிவு 20 அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறக் கூடாது, தளம் உதிரிச் சரளையாக இல்லாமல் நன்கு இறுகிய மண்ணாகவோ கல்தூளாகவோ இருக்க வேண்டும்.

விளக்குகள் விஷயத்தில் ஏரியை மீட்கும் குழுக்களுக்கு இருக்கும் மோகம் எனக்குப் புரிவதே இல்லை. இரவில் பூட்டப்படும் பாதைக்கு வாயிலருகே தாழ்வான, ஒளி கீழ்நோக்கி மட்டும் விழும் மஞ்சள் விளக்குகள் போதும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், கரையில் அளவுகோல்களை நட்டு நீர்மட்டம் எங்கே ஏறுகிறது, எங்கே வற்றுகிறது என்பதையும், எந்தப் பறவை எந்த மூலையில் கூடு வைக்கிறது என்பதையும் ஓர் ஆண்டு முழுவதும் குறித்து வைத்து, அதன்பிறகே பாதையின் கோட்டை வரைய வேண்டும். திறப்பு விழாத் தேதியை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டவர்களுக்கு இந்தத் தாமதம் பிடிக்காது; ஆனால் ஆண்டுதோறும் வெள்ளத்தில் மூழ்கும் பாதையைப் பழுதுபார்க்கும் செலவும் அதே பொதுப் பணத்திலிருந்துதான் போகிறது.